மாரியில் உப்புக் கசிவதும் பிள்ளைக்கு முட்டு வருவதும்

எங்கள் குசினியில் உப்பு வைக்கும் கண்ணாடிப் போத்தல் ஒன்று இருக்கிறது. பங்குனியில் இருந்து ஆவணி வரை அதில் உப்பு மணலைப்போல உதிரும். ஐப்பசியில் இரண்டு மழை விழுந்தவுடன் கரண்டியில் ஒட்டத் தொடங்கும். கார்த்திகை ஆகும்போது போத்தலின் அடியில் தண்ணீர் கண்டுவிடும். என் மகனுக்கு இரவில் முட்டு இழுக்கத் தொடங்குவதும் அதே வாரங்களில்தான். இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க எனக்கு மூன்று மாரி எடுத்தது. விஞ்ஞானம் படிப்பிக்கிறவள் இப்படி எழுதுவது கொஞ்சம் வெட்கம்தான். ஆனாலும் நம் மாணவிகள் பலருடைய வீடுகளில் இதே கதை நடப்பதை அறிந்ததால் எழுதுகிறேன்.

உம்மாவில் இருந்து தொடங்க வேண்டும். முள்ளியவளைப் பக்கத்தில் பிறந்தவர். 1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது ஒரு பையோடு புத்தளம் போனவர். அங்கே கிடுகுக் கொட்டிலில் இருபது வருடம். அந்த மண் தரையில்கூட ஒருவரும் ஒரு குறை கண்டுபிடிக்க முடியாது. ஊருக்குத் திரும்பி, முதலில் தகரக் கொட்டில், பிறகு வீட்டுத்திட்டத்தில் கல்வீடு என்று வந்தபோதும் விடியற்காலை முற்றம் கூட்டும் சத்தத்தில்தான் நாங்கள் எழும்புவோம். அப்படிப்பட்டவர், மகனை ஒரு கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு என்னோடு வந்த நாளில், அங்கே துண்டு எழுதிக்கொண்டிருந்த ஒருவர் நிமிர்ந்தும் பாராமல், "வீட்டைத் துப்புரவா வைச்சிருக்கிறேல்லையா?" என்று கேட்டுவிட்டார். பஸ்ஸில் திரும்பி வரும்வரை உம்மா ஒரு வார்த்தை பேசவில்லை.

அடுத்த நாள் தொடக்கம் வீட்டில் ஒரு நாளைக்கு மூன்று தரம் கூட்டுதல். மெத்தையைத் தும்புத்தடியால் அடித்தல், அதுவும் அறைக்குள்ளேயே. நிலத்துக்கு டெட்டோல் கலந்த தண்ணீர் வாளிக்கணக்கில். வியாழன் பின்னேரம் மட்டும் போட்ட சாம்பிராணி எல்லா நாளும் என்று ஆனது. மகனுக்கு முட்டு குறையவில்லை, கூடியது. ஒரு நாள் இரவு இரண்டு மணிக்கு அவனை நிமிர்த்தி வைத்துக்கொண்டு நான் முதுகைத் தடவிக்கொண்டிருக்க, உம்மா கதவடியில் நின்று கேட்டார்: "மூண்டு தரம் கூட்டுறன் மகள். இன்னும் எங்க இருந்து தூசி வருது?"

அந்தக் கேள்விக்கு அன்று என்னிடம் விடை இருக்கவில்லை. பிறகு தேடி வாசித்துத் தெரிந்துகொண்டதே இந்தக் கட்டுரை.

வீட்டுத் தூசி சிலருக்கு மூச்சை அடைக்கும் என்பது வைத்தியர்களுக்கு நூறு வருடமாகத் தெரியும். 'ஒவ்வாமை' என்று நாம் தமிழில் சொல்வதற்கு ஈடான 'அலர்ஜி' என்ற சொல்லையே 1906 இல்தான் வியன்னாவைச் சேர்ந்த கிளெமென்ஸ் ஃபொன் பிர்கே என்ற குழந்தை வைத்தியர் உருவாக்கினார். ஆனால் தூசியில் எது குற்றவாளி என்பது நெடுநாள் தெரியவில்லை. மண்ணா, பஞ்சா, பூஞ்சணமா? 1964 இல் நெதர்லாந்தின் லெய்டன் நகரில் ஃபோர்ஹோர்ஸ்ற், ஸ்பீக்ஸ்மா முதலிய ஆய்வாளர்கள் தூசியை நுணுக்குக்காட்டியில் வைத்துப் பார்த்து, அதற்குள் வாழும் ஒரு சிற்றுயிரைச் சுட்டிக்காட்டினார்கள். அதுதான் தூசி உண்ணி. பூச்சி இனமல்ல, எட்டுக் கால் கொண்டது, சிலந்திக்கும் மாட்டுண்ணிக்கும் சொந்தம். நீளம் ஒரு மில்லிமீற்றரில் மூன்றில் ஒரு பங்கு அளவு. கடிக்காது, இரத்தம் குடிக்காது. நம் உடலில் இருந்து ஒவ்வொரு நாளும் உதிரும் தோற்செதில்தான் அதன் சாப்பாடு. ஆகவே நாம் அதிக நேரம் கிடக்கும் இடத்தில், அதாவது மெத்தையிலும் தலையணையிலும், அது குடியிருக்கிறது. லெய்டன்காரர் கண்ட இன்னொன்றும் நமக்கு முக்கியம்: ஈரம் கூடிய வீடுகளின் தூசியில் உண்ணிகளும் கூடுதலாக இருந்தன.

ஒவ்வாமையைக் கிளப்புவது பெரும்பாலும் உண்ணியின் எச்சம். ஒரு உண்ணி நாளுக்கு ஏறத்தாழ இருபது எச்ச உருண்டைகளை இடும். ஒவ்வொன்றும் 20 மைக்ரோமீற்றர் அளவு, தலைமயிரின் தடிப்பிலும் குறைவு. அதில் உள்ள புரதம் ஈரமான மூக்கிலும் சுவாசக் குழாயிலும் பட்டவுடன் கரைகிறது. நிர்ப்பீடனத் தொகுதி அதைப் பகைவன் என்று பிழையாக விளங்கிக்கொண்ட பிள்ளைக்குக் குழாய் வீங்கிச் சுருங்குகிறது.

இனி உப்புப் போத்தலுக்கு வருவோம். கறியுப்பு, காற்றின் சாரீரப்பதன் ஏறத்தாழ 75 சதவீதத்தைத் தாண்டும்போது காற்றில் உள்ள நீராவியை இழுத்துத் தானே கரையத் தொடங்கும். தூசி உண்ணியும் தண்ணீர் குடிப்பது இப்படித்தான். அதற்குக் குளமோ கிணறோ தேவையில்லை. அதன் முன்கால்களின் அடியில் உள்ள சுரப்பிகளில் சோடியம் குளோரைட்டும் பொற்றாசியம் குளோரைட்டும் கொண்ட உப்புக் கரைசல் சுரக்கிறது. அந்த உப்பு காற்றின் ஈரத்தை இழுத்து வாய்ப்பக்கம் வழிய, உண்ணி அதைக் குடிக்கிறது. காற்று உலர்ந்தால் சுரப்பியின் வாயில் உப்பு கட்டிபட்டு அடைத்துக்கொள்ளும். சாரீரப்பதன் 50 சதவீதத்துக்குக் கீழே நாட்கணக்கில் நின்றால் உண்ணி வற்றிச் செத்துப்போகும். குசினிப் போத்தலில் உப்பு கசிகிறது என்றால் படுக்கையறையில் உண்ணிகளுக்குத் தண்ணீர்ப் பந்தல் திறந்தாயிற்று. சாரீரப்பதன் அளக்கும் கருவி வாங்க வசதி இல்லாத வீட்டுக்கு அந்தப் போத்தல் போதும்.

"எங்கட ஊர் உலர் வலயம்தானே ரீச்சர்" என்று ஒரு மாணவி கேட்டாள். நல்ல கேள்வி. வன்னியின் மழையில் பெரும்பங்கு ஒக்டோபர் தொடக்கம் ஜனவரி வரையான வாடைக்காற்றுக் காலத்தில் கொட்டித் தீர்ந்துவிடும். மே முதல் செப்டெம்பர் வரை கச்சான் காற்று கிறவல் வீதியின் செம்புழுதியை வீட்டுக்குள் கொண்டுவந்து கொட்டும். ஆனால் கோடையிலும் இரவுக் காற்று நாம் நினைக்குமளவு உலர்ந்ததல்ல. ஒரு கணக்குச் செய்து பாருங்கள். 30 பாகை செல்சியஸில் ஒரு கனமீற்றர் காற்று ஏறத்தாழ 30 கிராம் நீராவியைத் தாங்கும். 25 பாகையில் தாங்குவது ஏறத்தாழ 23 கிராம்தான். மாலையில் 30 பாகையில் சாரீரப்பதன் 75 சதவீதம் என்றால் காற்றில் 22.5 கிராம் நீராவி இருக்கிறது. விடியற்காலை அறை 25 பாகைக்குக் குளிர்ந்தால், அதே 22.5 கிராம் 98 சதவீதம் ஆகிவிடுகிறது. ஒரு துளி தண்ணீர் புதிதாகச் சேரவில்லை, ஆனால் தலையணை சில்லென்று ஈரமாக இருக்கிறது. இதற்கு மேல் மாரியில் உடுப்புகளை அறைக்குள் கொடி கட்டிக் காயப்போட்டால், அந்த உடுப்பில் இருந்த நீர் முழுவதும் போகும் இடம் அந்த அறைக் காற்றுதான். எங்கள் வீட்டில் அந்தக் கொடி மகனின் கட்டிலுக்கு நேர் மேலே இருந்தது.

குளிர்நாட்டுப் புத்தகங்கள் "சாரீரப்பதனை 50 சதவீதத்துக்குக் குறையுங்கள்" என்று ஒரு வரியில் எழுதிவிட்டுப் போய்விடுகின்றன. அவர்களுக்கு மாரியில் வெளிக்காற்றே வறண்டது. நமக்கு வளிபதனம் இல்லாமல் அது நடக்காது. எங்கள் வீட்டுக் காற்றை என்னால் உலர்த்த முடியாது. படுக்கையை உலர்த்த முடியும். இதை விளங்கிக்கொண்ட பிறகு வேலை பாதியாகக் குறைந்தது. உம்மாவின் மூன்று தரக் கூட்டல் முழுவதும் நிலத்துக்கு, மகன் எட்டு ஒன்பது மணித்தியாலம் மூக்கை அழுத்திக்கொண்டு கிடப்பதோ தலையணையில்.

அந்தத் தலையணையின் கதையையும் சொல்லிவிடுகிறேன். இலவம்பஞ்சுத் தலையணை. புத்தளத்தில் இருந்து லொறியில் ஏறி வந்தது, மகனைவிட வயது கூடியது. உறை வாரத்துக்கு ஒருமுறை மாறும், உள்ளே இருக்கும் பஞ்சு மாறியதே இல்லை. இலவம்பஞ்சு என்றதும் நம் நாட்டு வைத்தியர் ஒருவரின் பெயரைச் சொல்லாமல் இருக்க முடியாது. நெஞ்சு நோய் நிபுணர் சி. ஜி. ஊரகொட, தொழிலாளர் சுவாசிக்கும் தூசியைப் பற்றிப் பல வருடம் ஆராய்ந்தவர். தேயிலைத் தொழிற்சாலைத் தூசியால் வரும் தொய்வைப் பற்றி 1970 இல் எழுதினார். 1977 இல் இலவம்பஞ்சு வேலை செய்பவர்களின் உடல்நலத்தைப் பற்றியும், 1984 இல் கறுவாத் தொழிலாளரின் தொய்வைப் பற்றியும் அவருடைய ஆய்வுகள் பிரித்தானியத் தொழில் மருத்துவச் சஞ்சிகையில் வெளிவந்தன. நாம் மணம் என்றும் மென்மை என்றும் கொண்டாடும் பொருட்களின் மறுபக்கத்தை இந்த நாட்டிலேயே இருந்து பார்த்தவர் அவர். உயர்தரத்தில் உயிரியல் படிக்கும் பிள்ளைகள் அவரைப் பற்றித் தேடி வாசிக்க வேண்டும்.

படுக்கை மாறினால் நோயும் மாறும் என்பதற்குத் தூரத்து உதாரணம் ஒன்று இருக்கிறது. பப்புவா நியூகினியின் கிழக்கு மலைநாட்டில் ஃபோரே என்ற மக்கள் வாழ்கிறார்கள். அவர்களிடையே தொய்வு முன்பு மிக அரிது. பிறகு பெரியவர்களில் நூற்றுக்கு ஏழு பேருக்கு மேல் தொய்வு வந்துவிட்டது. ஆன் வூல்கொக் என்ற அவுஸ்திரேலிய நெஞ்சு வைத்தியரும் அவருடன் சேர்ந்தவர்களும் 1985 இல் வெளியிட்ட ஆய்வு, புதிதாக அங்கே புழக்கத்துக்கு வந்த போர்வைகளைச் சுட்டிக்காட்டியது. அந்தப் போர்வைகளில் தூசி உண்ணிகள் நிறைந்திருந்தன. போர்வை கொடுத்தவர்கள் கெட்டது நினைத்துக் கொடுக்கவில்லை. மலைக்குளிரில் அது தேவையான பொருள்தான். துவைத்துக் காயவைக்கும் வழி கூடவே போகவில்லை, அவ்வளவுதான். மீள்குடியேறிய காலத்தில் நமக்கும் நிவாரணத்தில் கம்பளிப் போர்வை கிடைத்தது, பாயில் படுத்தவர்கள் ஸ்பொஞ்ச் மெத்தைக்கு மாறினோம். பழையபடி எல்லாரும் பாயில் படுக்க வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. என் நாரி இனி அதற்கு ஒத்துவராது. ஆனால் பாயைத் தினமும் உதறிச் சுருட்டி வெயிலில் சாத்தினோம். மெத்தையை யார் வெயிலுக்குத் தூக்கினோம்?

அதே வூல்கொக், டோவி என்பவரோடு சேர்ந்து 1994 இல் சிட்னியில் செய்த இன்னொரு பரிசோதனை நமக்கு நேரடியாக உதவுவது. கம்பளங்களைக் கோடை வெயிலில் வெளியே விரித்து வைத்தபோது அவற்றில் இருந்த உண்ணிகள் முழுவதும் செத்துப்போயின. வெப்பமும் வறட்சியும் சேர்ந்து செய்த வேலை. வன்னியில் வெயிலுக்கு என்ன குறை! இப்போது எங்கள் வீட்டில் கோடையில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை காலை பத்து மணிக்கு மெத்தை சீமெந்து முற்றத்துக்குப் போகும். பன்னிரண்டு மணிக்குப் புரட்டுவோம், இரண்டரைக்கு முன் உள்ளே எடுப்போம். பொழுதுபட விட்டால் பனி இறங்கி எல்லாம் வீண். மாரியில் மழை விட்டு இரண்டு மணித்தியாலம் வெயில் எறித்தாலும் தலையணைகளை மட்டுமாவது வெளியே வைக்கிறோம்.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வெயில் உண்ணியைக் கொல்லும், எச்சத்தை அகற்றாது. செத்த உண்ணியின் உடலும் எச்சமும் அங்கேயே கிடந்து முன்போலவே முட்டைக் கிளப்பும். ஆகவே வெயிலுக்குப் பிறகு வெளியிலேயே வைத்து, காற்று வீசும் திசை பார்த்து, மூக்கைத் துணியால் கட்டிக்கொண்டு தட்ட வேண்டும். தட்டுபவர் முட்டு இல்லாதவராக இருக்க வேண்டும். துவைக்கக்கூடியதைத் துவைக்க வேண்டும். எச்சப் புரதம் நீரில் கரையும் என்பதால் சாதாரணக் கிணற்றுத் தண்ணீரில் சவர்க்காரத்தோடு துவைத்தாலே பெரும்பகுதி போய்விடும். உண்ணியும் சாக வேண்டுமென்றால் தண்ணீர் 55, 60 பாகைக்கு வர வேண்டும். நம் வீடுகளில் சுடுநீர் இயந்திரம் இல்லை. அதற்கும் ஒரு கணக்கு இருக்கிறது: கொதித்த தண்ணீர் 100 பாகை, கிணற்றுத் தண்ணீர் ஏறத்தாழ 30 பாகை. சம அளவு கலந்தால் 65. பாத்திரமும் துணியும் கொஞ்சம் வெப்பத்தை உறிஞ்ச, 60 அளவில் நிற்கும். கட்டில் விரிப்பையும் தலையணை உறையையும் அதில் பத்துப் பதினைந்து நிமிடம் ஊறவைத்துப் பிறகு வழமைபோல் துவைக்கலாம். சாயம் போகும் துணியைத் தனியாகப் போடுங்கள். எங்கள் வீட்டில் ஒரு வெள்ளைச் சாறன் ரோஸ் நிறமாகி, மகனின் வாப்பா அதை இன்னும் மறக்கவில்லை. கொதிநீர் வாளிக்குப் பக்கத்தில் சின்னப் பிள்ளைகளை விடவே கூடாது.

மகனின் பஞ்சுக் கரடிப் பொம்மையைப் பொலித்தீன் பையில் கட்டி, குளிர்சாதனப் பெட்டியின் உறைபனி அறையில் மீனுக்குப் பக்கத்தில் ஒன்றிரண்டு நாள் வைத்து, பிறகு துவைத்தோம். உறைகுளிரும் உண்ணியைக் கொல்லும். அவன் இன்னும் அந்தக் கரடியை முகர்ந்து பார்த்து மீன் மணக்கிறதா என்று கேட்பான்.

தொழுகை விரிப்பை நான் கடைசியில்தான் யோசித்தேன். உம்றா போய் வந்தவர்கள் தந்த வெல்வெட் முஸல்லா, தடிப்பானது, அழகானது, ஒருபோதும் தண்ணீர் கண்டிராதது. ஒரு நாளைக்கு ஐந்து வக்தும் சுஜூதில் மூக்கும் நெற்றியும் அதில்தான் படுகின்றன. மகன் தொழுகையில் தும்முவதைக் கவனக்குறைவு என்று கண்டித்த பாவம் என்னுடையது. இப்போது அவனுக்கு மெல்லிய பருத்தி விரிப்பு, வெள்ளிக்கு வெள்ளி துவைத்து வெயிலில் போடுகிறோம். வெல்வெட் முஸல்லாவும் மாதம் ஒருமுறை மெத்தையோடு சேர்ந்து முற்றத்துக்கு வருகிறது.

நிலத்தைப் பற்றிக் கொஞ்சம். உலர்ந்த தும்புத்தடியால் வேகமாகக் கூட்டினால் எச்ச உருண்டைகள் எழும்பிக் காற்றில் மிதக்கும். மீண்டும் படிய ஏறத்தாழ அரை மணித்தியாலம் எடுக்கும். உம்மா மூன்று தரம் கூட்டியபோது மகன் மூன்று அரை மணித்தியாலங்கள் அதைச் சுவாசித்திருக்கிறான். ஈரத்துணியால் துடைத்தால் தூசி துணியில் ஒட்டும். ஆனால் நன்றாகப் பிழிந்த துணி வேண்டும். மாரியில் வாளிக்கணக்கில் தண்ணீர் ஊற்றிக் கழுவினால் அந்த ஈரம் இரவு மெத்தைக்குப் போகும். துடைப்பதைக் காலை பத்து மணிக்குப் பிறகு, யன்னல்களைத் திறந்துவைத்துச் செய்தால் மதியத்துக்குள் உலர்ந்துவிடும். முட்டு உள்ள பிள்ளை அந்த நேரம் வெளியில் நிற்கட்டும். டெட்டோலும் வாசனைத் தைலமும் உண்ணியின் எச்சத்தை ஒன்றும் செய்யாது, அவற்றின் நெடி சில பிள்ளைகளுக்கு முட்டையே கிளப்பும். சாம்பிராணி, நுளம்புத்திரி, விறகடுப்பு ஆகியவற்றின் புகையும் அப்படித்தான். நுளம்புத்திரியை நிறுத்திவிட்டு வலை கட்டுங்கள், மாரியில் டெங்கு இருக்கிறது. வலையிலும் தூசி படியும், சாதாரண வலையை அடிக்கடி துவைக்கலாம். ஆனால் மலேரியாவுக்காகப் பகிரப்பட்ட மருந்திட்ட வலை வீட்டில் இருந்தால் அதைச் சுடுநீரில் போடவோ வெயிலில் காயவைக்கவோ வேண்டாம். மென்மையான சவர்க்காரம், குளிர்ந்த தண்ணீர், நிழல். 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடு என்று சான்றளித்தது, அதில் அந்த வலைகளுக்கும் ஒரு பங்கு உண்டு.

நெல்லு மூடைகளைப் பற்றிச் சொன்னால் வீட்டு ஆண்களுக்குப் பிடிக்காது. காலபோகம் வெட்டி மாசி பங்குனியில் மூடைகள் வீட்டுக்கு வரும். களவுக்கும் எலிக்கும் பயந்து படுக்கையறையில் அடுக்குவது நம் பக்கத்து வழக்கம். சேமித்த தானியத்தில் வாழும் உண்ணிகள் தனியாக இருக்கின்றன. வெப்ப நாடுகளின் வீடுகளில் பரவலாகக் காணப்படும் புளோமியா டிரொப்பிகாலிஸ் என்ற உண்ணியும் அந்தச் சொந்தத்தைச் சேர்ந்ததே. மூடைக்குப் பின்னால் கரப்பான் குடியிருக்கும். அதன் எச்சமும் உதிர்ந்த தோலும் ஒவ்வாமையைத் தரும். நாங்கள் மூடைகளை விறாந்தை மூலையில் மரச்சட்டத்தின் மேல் அடுக்கி வலைக்கம்பி அடித்தோம். இரண்டு நாள் வாக்குவாதம் நடந்தது. மூன்றாம் நாள் இரவு மகன் இருமாமல் தூங்கினான். அது மூடையால்தானா என்று என்னால் அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் வாக்குவாதம் அதோடு நின்றது.

மாரியின் மற்றைய விருந்தாளி பூஞ்சணம். பூசாத சீமெந்துக் கல் சுவர் மழையை உறிஞ்சும், அதை ஒட்டி அலுமாரியை வைத்தால் பின்பக்கம் காற்றே போகாது. எங்கள் அலுமாரியை இழுத்துப் பார்த்த நாளில் சுவரில் கரிபிடித்த சட்டி போல ஒரு வட்டம். உலக சுகாதார நிறுவனம் 2009 இல் வெளியிட்ட வழிகாட்டி, வீட்டு ஈரத்தையும் பூஞ்சணத்தையும் தொய்வோடு தொடர்புபடுத்துகிறது. சவர்க்காரத் தண்ணீரில் நனைத்த துணியால் தேய்த்து எடுங்கள், உலர்ந்த தும்பால் சுரண்டினால் வித்திகள் பறக்கும். பிறகு உலர்த்துங்கள். அலுமாரியைச் சுவரில் இருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள். கூரை ஒழுகினால் அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த மழைக்கு வட்டம் திரும்ப வரும். பிளீச்சிங் பாவிப்பவர்களுக்கு ஒரு கண்டிப்பு: கழிவறை கழுவும் அமிலத்தோடு அதை ஒருபோதும் கலக்காதீர்கள். வெளிவருவது குளோரின் வாயு. தொய்வு இல்லாதவரின் நெஞ்சையே அது அடைத்துவிடும்.

இவ்வளவும் செய்தால் தொய்வு மாறிவிடுமா? மாறாது. டென்மார்க்கைச் சேர்ந்த கொட்ஷேயும் யோஹான்செனும் பல ஆய்வுகளைத் தொகுத்து 2008 இல் புதுப்பித்து வெளியிட்ட மீளாய்வு, உண்ணியைக் கட்டுப்படுத்தும் முறைகளால் தொய்வுக்காரருக்குப் பயன் கிடைத்ததாகக் காட்ட முடியவில்லை என்றே முடிந்தது. அதற்கு முன், 2004 இல், அமெரிக்காவின் ஏழு நகரங்களில் 937 பிள்ளைகளின் வீடுகளில் நடந்த ஆய்வு வேறு விதமாகச் சொன்னது: ஒவ்வொரு பிள்ளைக்கும் எது ஒவ்வாது என்று கண்டறிந்து, படுக்கை, தூசி, கரப்பான், புகை ஆகியவற்றைச் சேர்த்துக் கவனித்தபோது முட்டு வந்த நாட்கள் குறைந்தன. இரண்டையும் வாசித்து நான் எடுத்துக்கொண்டது, ஒரு மெத்தை உறையை வாங்கிப் போட்டுவிட்டு அற்புதம் எதிர்பார்க்கக் கூடாது என்பது. வைத்தியர் தந்த பம்பை நிறுத்தவும் கூடாது. பம்ப் பழகிவிடும், பிள்ளை அதற்கு அடிமையாகிவிடும் என்று நம் ஊரில் பரவலாக ஒரு பயம் இருக்கிறது. அது பிழை. தினமும் எடுக்கச் சொல்லித் தரும் பம்ப் குழாயின் வீக்கத்தைக் குறைத்து வைக்கும் மருந்து. முட்டு இல்லாத நாளிலும் எடுத்தால்தான் அது வேலை செய்யும்.

இங்கே நம் பிள்ளைகளிடம் நேராக ஒன்றைப் பேச வேண்டும். ஆண்பிள்ளைக்கு முட்டு என்றால், "நீ வெளிய போ மகன், தூசி" என்று அனுப்பிவிடுகிறோம். என் மகனையும் அப்படித்தான் அனுப்பினோம். பெண்பிள்ளைக்கு முட்டு என்றால் அவள்தான் தும்புத்தடியைப் பிடிக்கிறாள். என் வகுப்பில் ஒரு பிள்ளை துப்புரவு முறை வரும் நாளில் மட்டும் முதலாம் பாடத்தில் மூச்சு வாங்கிக்கொண்டிருப்பாள். கேட்டால், ஓடி வந்தேன் என்பாள். ஒரு நாள் கழிவறைப் பக்கம் போனபோது அவள் கதவைச் சாத்திக்கொண்டு பம்ப் அடிக்கும் சத்தம் கேட்டது. வெளியே வந்தவள் என்னைக் கண்டதும் சொன்ன முதல் வார்த்தை, "ஒருத்தருக்கும் சொல்லாதீங்க ரீச்சர்." வருத்தக்காரி என்று பெயர் வந்தால் நாளைக்குக் கலியாணப் பேச்சில் நிற்கும் என்று அவளுடைய வீட்டில் சொல்லி வைத்திருக்கிறார்கள். ஒளித்து வைக்கும் பம்ப் அவசரத்துக்குக் கைக்கு வராது. தொய்வு முற்றினால் உயிருக்கே ஆபத்து. அவளுடைய உம்மாவிடம் நான் போய்ப் பேசினேன். முதல் நாள் தேநீர் தந்து வழியனுப்பினார். இரண்டாம் முறை போனபோதுதான் அவர் தனக்கும் சின்ன வயதில் முட்டு இருந்தது என்று மெல்லச் சொன்னார்.

இப்போது எங்கள் வகுப்பில் துப்புரவு முறை எழுதும்போது யார் யாருக்கு முட்டு என்று நான் கேட்பதில்லை. "தூசியில் தும்முகிறவர்கள் ஈரத்துணிப் பக்கம் வாருங்கள்" என்று மட்டும் சொல்வேன். முதல் முறை நான்கு பேர் வந்தார்கள், இந்தத் தவணையில் ஒன்பது பேர். கரும்பலகையையும் மேசைகளையும் பிழிந்த துணியால் துடைப்பது அவர்களுடைய வேலை. கூட்டுகிறவர்கள் கூட்டி முடித்து அரை மணித்தியாலம் ஆன பிறகே அவர்கள் உள்ளே வருவார்கள்.

வீட்டில், உம்மாவிடம் நான் முதலில் காட்டியது உப்புப் போத்தலை. கார்த்திகை மாதம். போத்தலைத் தூக்கி அடியில் நின்ற தண்ணீரைக் காட்டி, "இதுதான் உம்மா, உங்கட தும்புத்தடியில பிழை இல்ல" என்றேன். அவர் போத்தலை வாங்கி நெடுநேரம் ஆட்டிப் பார்த்தார். பிறகு, "அந்தத் துண்டு எழுதின மனிசனுக்கும் இதைக் காட்டோணும்" என்றார். வியாழன் பின்னேரம் இன்னும் சாம்பிராணி போடுகிறார். முற்றத்து மாமரத்தடியில், மகன் மஃரிபுக்குப் பள்ளிக்குப் போயிருக்கும் நேரம் பார்த்து.